ஆட்குறைப்புப் பணமும் வரியும்

போரினால் காணியை விட்டு வெளியேறிய விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், வயல் செய்ய வேண்டிய கைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் சம்பள வேலைக்குப் போயின. வலிகாமம் வடக்கில் 1990இல் ஊரை விட்டு வந்து, இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாதிருப்போரும் உள்ளனர். இத்தகைய குடும்பத்தில் ஒருவர் ஆட்குறைப்பினால் வேலை இழக்கும்போது, அதுவரை கண்டிராத பெருந்தொகை ஒன்று கைக்கு வருகின்றது. அதில் வரி எவ்வளவு போகும், அதை எவ்வாறு காப்பது என்பதே இப்பாடம்.

1. எந்தப் பணம், எப்போது வரும்?

ஆட்குறைப்பின்போது வரும் பணம் ஒன்றல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும்.

பணிக்கொடை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில் 5 ஆண்டுகள் சேவை முடித்தவருக்கு உரியது. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும்.

நட்டஈடு: 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஆட்குறைப்புச் செய்யலாகாது. ஆணையாளர் தீர்மானிக்கும் நட்டஈட்டில், முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளமும், 6ஆம் ஆண்டிலிருந்து 14ஆம் ஆண்டு வரை ஆண்டொன்றுக்கு 2 மாதச் சம்பளமும் கணக்கிடப்படும். 2021 முதல் இதன் உச்ச எல்லை 25 இலட்சம் ரூபா. எனவே, கொடுத்த கடிதத்தில் வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். அது உங்கள் சம்மதமாகிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: 10 ஆண்டுகள் வேலை செய்தவரின் சம்பளம் 40,000 ரூபா. பணிக்கொடை 2 இலட்சம். நட்டஈடு இருபத்திரண்டரை மாதச் சம்பளம், அதாவது 9 இலட்சம். மொத்தம் 11 இலட்சம்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை நின்றதும் கேட்டுப் பெறலாம். முன்னர் ஒரு முறை எடுத்திருந்தால் 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஆனால் ஊழியர் சேமலாப நிதி வேறு. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே அது கிடைக்கும். வேலை போனதால் மட்டும் வராது. அதை நம்பி இன்று கடன் வாங்குவது ஆபத்து.

2. வரி எவ்வளவு?

பெருந்தொகை என்றதும் அரசாங்கம் பாதியை எடுத்துவிடும் என்று பயப்படுவோர் உண்டு. வேலை முடிவில் கிடைக்கும் பணிக்கொடை போன்ற கொடுப்பனவுகளில் முதல் 1 கோடி ரூபாவுக்கு வரி இல்லை. அடுத்த 1 கோடிக்கு நூற்றுக்கு 6, அதற்கு மேல் நூற்றுக்கு 12. நட்டஈட்டுக்கு இச்சலுகை கிடைப்பதற்கு, அது ஊழியர் எல்லோருக்கும் ஒரேவிதமாகப் பொருந்தும் திட்டமென்று இறைவரி ஆணையாளர் நாயகம் ஏற்றிருக்க வேண்டும். அவ்வாறில்லையெனில் அது சாதாரணச் சம்பளம் போலக் கணிக்கப்படலாம். ஆகவே நிறுவனத்திடம் இரண்டைக் கேளுங்கள்: ஒவ்வொரு தொகையையும் தனித்தனியே காட்டும் எழுத்து மூல விபரம், திட்டத்துக்கு அந்த ஏற்பு உண்டா என்பது.

3. வட்டியில் கழியும் வரி

எங்கள் மக்கள் பலர் கவனியாமல் விடுவது இதுவே. 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் வைப்பு வட்டியில் நூற்றுக்கு 10 வரியைக் கழித்துக்கொண்டே வட்டியைத் தருகின்றன. ஆனால் ஒருவருடைய ஆண்டு வருமானம், எல்லா வழிகளிலும் சேர்த்து, 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாவிட்டால், அவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்து இக்கழிவைத் தவிர்க்கலாம்.

10 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 8 வட்டிக்கு இட்டால் ஆண்டு வட்டி 80,000 ரூபா. படிவம் கொடுக்காதவருக்கு 8,000 ரூபா கழியும். கொடுத்தவருக்கு முழுவதும் கிடைக்கும். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும், வைப்புள்ள ஒவ்வொரு வங்கியிலும் படிவத்தைப் புதிதாகக் கொடுங்கள். பெருந்தொகை கிடைத்த அதே ஆண்டில், நிரப்புமுன் இறைவரி அலுவலகத்தில் விபரத்தைக் காட்டிக் கேளுங்கள். பொய்ப் பிரகடனம் குற்றமாகும்.

4. பணத்தைப் பிரித்தல்

வரி எடுப்பதை விட அவசரம் எடுப்பதே அதிகம். பணம் வந்த வாரமே உறவினர் கைமாற்றுக் கேட்பார்கள். தவணைக்கு வாகனம் தர ஆள் வருவார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் குடும்பத்துக்கு அடுத்த போகம் இல்லை. ஆகவே பணத்தை முதலில் மூன்றாகப் பிரியுங்கள்.

அ. அடகு நகை, கூடிய வட்டிக் கடன் ஆகியவற்றைத் தீர்க்க ஒரு பங்கு. கடன் வட்டி வைப்பு வட்டியிலும் அதிகம்.

ஆ. வேறு வேலை அல்லது அடுத்த அறுவடை வரும்வரை சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரு பங்கு. இது சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

இ. மீதி நிலையான வைப்பில். காணி விடுபடும் நாளில் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் விதை வாங்கவும் இதுவே கைகொடுக்கும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு ஆண்டவர் போதித்ததை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது.

குழுவில் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் ஆட்குறைப்புப் பணம் பெற்றவர்கள் யார் யார்? பணிக்கொடையும் நட்டஈடும் தனித்தனியே கிடைத்தனவா?
2. வங்கியில் வைப்பு உள்ளவர்களில் எத்தனை பேர் இவ்வாண்டு சுயபிரகடனப் படிவம் கொடுத்தார்கள்? கொடுக்காதவர்களுக்கு யார் உதவலாம்?
3. உங்கள் குடும்பத்துக்கு 11 இலட்சம் ரூபா கிடைத்தால் மூன்று பங்கும் எவ்வளவு? தாளில் எழுதிப் பாருங்கள்.