பழைய டொமைன் கன்ட்ரோலரை வழியனுப்புவது

புதிய சர்வர் வந்துவிட்டால் பழையதை அணைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நிர்வாகத்தில் நினைப்பார்கள். ஆக்டிவ் டைரக்டரியைச் சுமக்கும் டொமைன் கன்ட்ரோலர் விஷயத்தில் அது நடக்காது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் மற்ற கன்ட்ரோலர்கள் அதைத் தங்கள் கூட்டத்தில் ஒன்றாகவே வைத்திருக்கும். ரெப்ளிகேஷனுக்குக் கூப்பிட்டுப் பார்த்துப் பிழைச் செய்திகளை எழுதித் தள்ளும். டிஎன்எஸ் அதன் பெயரையும் சேர்த்தே சொல்லும். காலையில் லாகின் ஆக வரும் கணினிகளில் சில அந்தப் பெயரை நம்பிப் போய்க் காத்துக் கிடந்து, பிறகு வேறு கன்ட்ரோலரைத் தேடும். "இன்னைக்கு லாகின் ஆகவே ரொம்ப நேரம் ஆகுது சார்" என்ற புகாரில் பாதி இந்த வகைதான் என்பது என் கணிப்பு.

நான் வழியனுப்பியவை பெரும்பாலும் சர்வர் 2008 ஆர்2, 2012 ஆர்2 காலத்தவை. முதலாவதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, இரண்டாவதற்கு 2023 அக்டோபரில். கழற்றும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் துப்பறியும் வேலைதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை டிஎன்எஸ்ஸைக் கேட்டு உயிரோடு இருக்கும் கன்ட்ரோலரைத் தாமே கண்டுகொள்ளும். யாரோ கையால் ஐபி முகவரியைத் தட்டி வைத்த கருவிகள்தான் வம்பு. ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் நகல் இயந்திரம், விபிஎன் கொடுக்கும் ஃபயர்வால், என்ஏஎஸ் பெட்டி, நேரத்தைக் கேட்டு வாங்கும் விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் சம்பள மென்பொருள். நகல் இயந்திரத்தின் வலைப்பக்கத்தைத் திறந்து அட்ரஸ் புக் அமைப்புக்குப் போனால் "எல்டாப் சர்வர்" என்ற கட்டத்தில் பழைய ஐபி இருக்கும். அதன் கீழே ஒரு பயனர் பெயர். பெயர்களைத் தேட மட்டுமே வேண்டிய இடத்தில் டொமைன் அட்மின் கணக்கைப் போட்டு வைத்திருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

யார் யார் கேட்கிறார்கள் என்பதைப் பழைய கன்ட்ரோலரிடமே விசாரிக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் என்டிடிஎஸ் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் "16 எல்டாப் இன்டர்ஃபேஸ் ஈவென்ட்ஸ்" என்பதன் மதிப்பை 2 ஆக்கினால், பாதுகாப்பில்லாத முறையில் எல்டாப் இணைப்பு வைக்கும் ஒவ்வொருவரின் ஐபியும் கணக்குப் பெயரும் 2889 என்ற எண்ணுள்ள நிகழ்வாகப் பதியும். பழைய கருவிகள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். டிஎன்எஸ் டீபக் லாகையும் திறந்து வையுங்கள். ஒரு மாதக் கடைசியாவது இந்தப் பதிவுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் சம்பள மென்பொருள் தப்பிவிடும்.

பிறகு டிஹெச்சிபியில் கொடுக்கும் டிஎன்எஸ் பட்டியலிலிருந்து பழைய ஐபியை எடுங்கள். மற்ற சர்வர்களின் நெட்வொர்க் கார்டில் கையால் எழுதியதையும், டிஎன்எஸ் ஃபார்வர்டர்களையும் பாருங்கள். அடுத்து, சர்வரை அணைக்காமல் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டுச் சில வேலை நாட்கள் விட்டு வைப்பேன். யாராவது கத்தினால் கேபிளைத் திரும்பச் செருகினால் போதும். டிமோட் செய்த பிறகு கத்தினால் அந்தச் சௌகரியம் இல்லை. ஆனால் உருவிய கேபிளை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

டிமோட் செய்வதற்கு முன் ஐந்து ஃபிஸ்மோ பொறுப்புகளும் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். "நெட்டாம் க்வெரி ஃபிஸ்மோ" என்ற ஒரே கட்டளை போதும். பிடிசி எமுலேட்டரை மாற்றும்போது பொறுப்பு மட்டும்தான் நகரும். வெளி நேர சர்வரிலிருந்து நேரம் வாங்கும் அமைப்பு பழைய இயந்திரத்திலேயே தங்கிவிடும். புதியதில் அதைத் தனியாகச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மொத்த டொமைனின் கடிகாரமும் மெல்ல நகரும். வித்தியாசம் ஐந்து நிமிடத்தைத் தாண்டும் இடங்களில் கெர்பரோஸ் முரண்டு பிடிக்கும். சர்டிஃபிகேட் அதாரிட்டியும் அதே பெட்டியில் இருந்தால், தனிச்சாவியோடு பேக்கப் எடுத்து, அதை முதலில் கழற்றிய பிறகுதான் டிமோட் செய்ய முடியும்.

டிமோட் விஸார்டில் இரண்டு டிக் பெட்டிகள் முக்கியம். "டொமைனின் கடைசி கன்ட்ரோலர்" என்பதை, உண்மையிலேயே கடைசி என்றால் ஒழியத் தொடாதீர்கள். "கட்டாயமாக நீக்கு" என்பது மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறுவது. அதற்குப் பிறகு மிச்சம் மீதியைப் பெருக்குவது உங்கள் தலையில் விழும். இயந்திரம் செத்தே போய், பொறுப்புகளைப் பறித்து வேறொன்றுக்குக் கொடுத்திருந்தால், பழையது மறுபடி உயிர்பெற்று நெட்வொர்க்குக்குள் வரவே கூடாது. ஆர்ஐடி பொறுப்பை இரண்டு பேர் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டால் ஒரே அடையாள எண் இரண்டு கணக்குகளுக்குப் போகலாம். டிஸ்க்கை அழித்துவிடுவதுதான் நிம்மதி.

முறையாக வெளியேறினாலும் சில தடயங்கள் நிற்கும். சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் சர்வரின் பெயர் காலி ஓடாக இருக்கும். கையால்தான் அழிக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு சோனின் என்எஸ் பதிவு, ரிவர்ஸ் சோன், அண்டர்ஸ்கோர் எம்எஸ்டிசிஎஸ் கிளை எல்லாவற்றிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். செத்த கன்ட்ரோலரின் மெட்டாடேட்டாவை நீக்க ஒருகாலத்தில் என்டிடிஎஸ்யூட்டிலின் கருப்புத் திரையில் வரிவரியாக அடிக்க வேண்டியிருந்தது. சர்வர் 2008க்குப் பிறகு, டொமைன் கன்ட்ரோலர்ஸ் ஓயூவில் கணினிப் பெயரை அழித்தாலே உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும்.

கேபிள் கதைக்கு வருகிறேன். டைரக்டரியில் ஒன்றை அழித்தால் அது உடனே மறைவதில்லை. "அழிக்கப்பட்டது" என்ற அடையாளத்தோடு சில மாதங்கள் இருக்கும், எல்லா கன்ட்ரோலர்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டுமே. இந்தக் காலத்தின் பெயர் டூம்ஸ்டோன் லைஃப்டைம். சர்வர் 2003 எஸ்பி1க்குப் பிறகு பிறந்த ஃபாரஸ்ட்டுகளில் பொதுவாக 180 நாட்கள், அதற்கு முந்தையவற்றில் 60. புதிய பதிப்புக்கு மாறினாலும் பழைய 60 தானாக மாறாது, ஆகவே உங்களுடையதைப் பார்த்து வையுங்கள். அந்தக் காலத்துக்கு மேல் தொடர்பறுந்து கிடந்த கன்ட்ரோலரைத் திரும்பச் செருகினால், எப்போதோ வேலையைவிட்டுப் போனவரின் கணக்கு அதில் உயிரோடு இருக்கும். மற்றவர்களுக்கு அவர் அழிக்கப்பட்ட செய்தியே மறந்திருக்கும். 2042, 1988 எண் நிகழ்வுகள் வரிசையாக வந்தால் இதுதான் விவகாரம். ரெப்அட்மினில் எச்சங்களை நீக்கும் கட்டளை உண்டு. முதலில் அட்வைசரி மோடில் ஓட்டுங்கள். எதையும் அழிக்காமல் பட்டியல் மட்டும் தரும்.

கன்ட்ரோலர் போன பிறகு பழைய பயனர், கணினிக் கணக்குகளையும் கழிக்கும் ஆசை வரும். லாஸ்ட்லாகான் மற்ற கன்ட்ரோலர்களுக்குப் பரவாது என்பதால் அதை நம்பாதீர்கள். லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் பரவும், ஆனால் இரண்டு வாரம் வரை பின்தங்கும். 90 நாள் தாண்டியவற்றை முடக்கித் தனி ஓயூவில் போட்டு, காத்திருந்து அழிப்பது என் வழக்கம். கிளஸ்டர் பெயர்களும் என்ஏஎஸ் கணக்குகளும் செத்தவை போலவே தெரியும், உஷார். குரூப்புகளை அழிப்பதில் நான் கஞ்சன். அதே பெயரில் திரும்ப உருவாக்கினாலும் அடையாள எண் வேறு என்பதால் ஃபோல்டர் அனுமதிகள் ஒட்டாது. ரீசைக்கிள் பின்னை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

கிளவுடோடு என்ட்ரா கனெக்ட் வழியாக ஒத்திசைப்பவர்கள் கூட்டம் கூட்டமாக அழிக்க வேண்டாம். ஒரே சுற்றில் 500க்கு மேல் அழிந்தால் விபத்து என்று நினைத்து அது அழிப்புகளை அனுப்பாமல் நிறுத்திவிடும். அந்தத் தடுப்பை எடுத்துவிடச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். எடுக்காமல், நாலைந்து தவணையாக அழியுங்கள்.