'அமெரிக்கன் இடியட்' – ஓர் இசைத்தட்டின் கதை

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் தலைதூக்கியது 'பங்க்' இசை. கிதாரில் மூன்று 'கார்டு' வாசிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். அந்த வேகத்தோடு எளிதில் முணுமுணுக்கத்தக்க மெட்டும் சேர்ந்தால் அதனைப் 'பாப் பங்க்' என்பர். கலிபோர்னியாவின் 'கிரீன் டே' குழு இவ்வகையில் பெயர் பெற்றது. பாட்டும் கிதாரும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங். பேஸ் கிதார் மைக் டர்ன்ட். டிரம் ட்ரே கூல்.

1994இல் வந்த 'டூக்கி' இவர்களை உலகறியச் செய்தது. ஆனால் 2000இல் வந்த 'வார்னிங்' முந்தையவற்றைப் போல் விற்கவில்லை. அடுத்த இசைத்தட்டுக்காக உழைத்துப் பதிவு செய்த சுமார் இருபது பாடல்களின் நாடாக்களோ, 2003இல் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து களவு போயின. பரீட்சை நெருங்கும்போது குறிப்பேட்டைத் தொலைத்த மாணவிக்கே அந்த வேதனை விளங்கும்! அப்போது தயாரிப்பாளர் ராப் கவலோ அவர்களிடம் ஒன்று கேட்டார்: போனவை உங்களால் இயன்றவற்றுள் மிகச் சிறந்தவைதாமா? நேர்மையாக எண்ணிப் பார்த்தவர்கள், பழையவற்றை மீண்டும் பாடுவதை விட்டுப் புதிதாகவே தொடங்கினர். அப்பாடல்கள் திருடு போனதைவிட இந்தக் கேள்விதான் அவர்களை மாற்றியது என்பது எம் கருத்து.

ஒரு நாள் கூடத்தில் தனித்திருந்த டர்ன்ட், விளையாட்டாக முப்பது விநாடிப் பாட்டொன்றைப் பதிவு செய்தார். மற்ற இருவரும் போட்டிக்குத் தத்தம் துண்டுகளைச் சேர்த்தனர். துண்டுகள் இணைந்து நீண்ட பாடல்களாயின. 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' ஐந்து பகுதிகளும் ஒன்பது நிமிடமும் கொண்டது. தலைப்பைக் கண்டு நம்முள் சிலர் முகஞ்சுளிக்கலாம்; அது வழிதவறி அலையும் ஓர் இளைஞனுக்குக் கதையில் வழங்கும் பெயரேயன்றி வேறில்லை. வீட்டைவிட்டு வெளியேறும் அவனுடைய கதையே தொகுப்பு முழுவதும் ஓடுகிறது. 2003இல் தொடங்கிய ஈராக் போரையும், அதனை இரவும் பகலும் காட்டிய தொலைக்காட்சியையும் சாடும் கோபமும் உடன் ஓடுகிறது.

இத்தனை கூச்சலுக்கிடையே மெல்லத் தொடங்கும் பாட்டொன்று உண்டு: 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்'. ஆம்ஸ்ட்ராங்குக்குப் பத்து வயதாயிருக்கையில், 1982 செப்டம்பரில், அவர் தந்தை புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பைப் பாட்டாக்க அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2005 ஆகஸ்டு இறுதியில் 'கத்ரீனா' புயல் நியூ ஆர்லியன்சைச் சீரழித்தபோது, துயருற்றோர் பலர் இதனைத் தம் பாட்டாகவே கொண்டனர்.

2004 செப்டம்பரில் வெளிவந்த இத்தொகுப்பு 'பில்போர்டு' பட்டியலில் முதலிடம் பெற்றது. அக்குழுவிற்கு அதுவே முதன்முறை. 2005இல் சிறந்த ராக் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதும் கிட்டியது. எல்லாரும் மெச்சினர் என்றில்லை. 'தி கில்லர்ஸ்' குழுவின் பாடகர் பிராண்டன் ஃபிளவர்ஸ், பிற நாட்டு மேடைகளில் தம் தாய்நாட்டைப் பழித்துப் பாடுவது முறையா என்று 2006இல் கடிந்தார். அக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. எனினும் தலைப்புப் பாட்டை மட்டும் கேட்டு எழுந்த கேள்வியாகவே அது எமக்குத் தோன்றுகிறது. கடுஞ்சொற்கள் மிகுந்தமையால் உறையில் பெற்றோர்க்கான எச்சரிக்கையும் அச்சாகியுள்ளது. சிறு வகுப்பினர் பெரியோரைக் கேட்டபின் கேட்பதே நலம்.

2010இல் இது இசை நாடகமாகி நியூயார்க்கின் பிராட்வே மேடையேறியது. அங்கே டோனி விருதுகள் இரண்டு கிட்டின: ஒன்று காட்சியமைப்புக்கு, மற்றது ஒளியமைப்புக்கு.