ஆறு பேருக்கும் ஒரே காற்று: வார இறுதிச் சைக்கிள் பந்தயத்துக்குக் குழு அமைப்பது எப்படி

சமதளச் சாலையில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனால் இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் கால்வாசிச் சக்தியாவது மிச்சமாகும். 2018இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை மாதிரியாக வைத்து அளந்தது. கூட்டத்தின் நடுவே பாதுகாப்பாக இருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றெதிர்ப்பில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று கண்டார்கள்.

ஒரு பந்தயக் குழு கற்க வேண்டியது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. யார் எப்போது காற்றில் நிற்பது, யாரைக் கடைசிவரை காற்று படாமல் கொண்டுபோவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, பந்தயச் சூட்டில் அதை மாற்றாமல் இருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கும் இது முழுக்கச் சாத்தியம். சென்னையிலிருந்து தொடங்க நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் சாலையின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்களைச் சேர்ப்பது

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். நான்குக்குக் கீழே போனால் முறை மாற்றி ஓட்ட முடியாது. எட்டுப் பேரை வாரம் இரண்டு நாள் காலை ஐந்து மணிக்கு ஒரே இடத்தில் நிறுத்துவது குடும்பஸ்தர்களால் ஆகிற காரியமில்லை. ஊரிலேயே வேகமானவரைத் தேடி அலைய வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வருகிறவரும், முன்னால் இருக்கும்போது திடீரென்று வேகத்தை ஏற்றாதவரும்தான் குழுவுக்கு வேண்டும். தன் முறை வந்ததும் உற்சாகத்தில் நாற்பதுக்கு ஏற்றிவிடுகிறவர் பின்னால் இருக்கும் ஐந்து பேரையும் களைப்பாக்கிவிடுவார்.

முதல் மாதத்திலேயே மூன்று பொறுப்புகளைப் பிரித்துவிடுங்கள். கடைசி 200 மீட்டரில் பாயத் தெரிந்த ஒருவர் ‘ஃபினிஷர்’. நீண்ட நேரம் ஒரே சீராக இழுக்கத் தெரிந்த இருவர் அவருக்குக் காற்றை மறைப்பவர்கள். மற்றவர்கள் எதிரணியில் யாராவது பிய்த்துக்கொண்டு ஓடினால் கூடவே ஒட்டிக்கொள்பவர்கள். இவர்களில் நிதானமான ஒருவர் கேப்டன். ஃபினிஷரே கேப்டனாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே அவருக்குப் பெரிய வேலை.

எந்தப் பந்தயம்

தனிநபர் டைம் டிரையலில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டுவதற்குத் தடை உண்டு. அங்கே குழுவுக்கு வேலையில்லை. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் சாலைப் பந்தயமோ, சிறு சுற்றுப் பாதையில் நடக்கும் கிரைட்டீரியமோதான் நமக்கு. மலைப்பாதையை முதல் பந்தயமாக எடுக்காதீர்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வேகம் குறைந்துவிடுவதால் காற்றின் பங்கும் குறைகிறது. எடையும் காலும்தான் அங்கே பேசும். குழுவாக ஓட்டக் கற்றுக்கொள்ளத் தட்டையான சாலையே நல்லது.

பெயர் கொடுப்பதற்கு முன் அமைப்பாளரிடம் கேளுங்கள்: காவல்துறை அனுமதி இருக்கிறதா, சாலையை மூடுகிறார்களா, ஆம்புலன்ஸ் நிற்குமா? தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பரிசுத்தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி. விதிமுறைத் தாளையும் முழுக்கப் படியுங்கள். முழங்கையை ஊன்றிக்கொள்ளும் ஏரோ பார் கூட்டப் பந்தயங்களில் அனுமதிக்கப்படுவதில்லை. அதை முதல் நாளே கழற்றிவிடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் பயிற்சிக்குக்கூட வரக்கூடாது. 2003இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் அணியாமல் ஓட்டிய ஆந்த்ரேய் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் அதைக் கட்டாயமாக்கியது.

வண்டி

சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிளின் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. நம் வண்டி ஒன்பது கிலோ என்பதால் தோற்கப்போவதில்லை. கையில் இருக்கும் பணத்தை நல்ல டயருக்குப் போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 70 முதல் 80 பிஎஸ்ஐ போதும். கல்லாக இருக்கும்படி காற்றடித்தால் நம் சாலைகளில் வண்டி குதிக்கும், பிடிமானம் போகும்.

குழுவாக யோசிக்க வேண்டியது சக்கரத்தைப் பற்றித்தான். எல்லோருடைய வண்டியிலும் ஒரே வகை அச்சு, ஒரே வகை பிரேக், பின்சக்கரத்தில் ஒரே எண்ணிக்கைப் பல்சக்கரங்கள் இருந்தால் பஞ்சரான ஃபினிஷருக்கு இன்னொருவர் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க முடியும். 1934 டூர் டி பிரான்ஸில் 20 வயது ரெனே வியெட்டோ தன் குழுத்தலைவர் அந்தோனின் மாஞ்ஞுக்கு முதலில் சக்கரத்தையும், அடுத்த நாள் வந்த வழியே திரும்பி மேலேறிப் போய் சைக்கிளையும் கொடுத்தார். மாஞ் அந்த ஆண்டு பட்டம் வென்றார். யார் யாருக்குச் சக்கரம் கொடுப்பது என்பதை நம் குழுவிலும் முதல் நாளே பேசி வைத்துவிட வேண்டும். சாலையோரத்தில் நின்று பேச நேரம் இருக்காது.

ஒட்டி ஓட்டப் பழகுவது

இதற்கு ஒரு மாதமாவது கொடுங்கள். முதலில் இருவர் இருவராக. முன்னவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சக்கர நீளம் இருக்கட்டும். நம்பிக்கை வந்ததும் அரைச் சக்கரமாகக் குறையுங்கள். டயரையே முறைத்துப் பார்க்காதீர்கள். முன்னவரின் இடுப்புக்கு மேலாக, அவருக்கு முன்னால் இருப்பவரைப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. அவர் ஒரு குழிக்காக ஒதுங்கினால் இரண்டும் உரசும்; விழுவது பின்னால் இருப்பவர்தான்.

சீட்டிலிருந்து எழும் கணம் இன்னொரு ஆபத்து. எழுந்து நிற்கும்போது பெடலில் அழுத்தம் ஒரு நொடி விட்டுப்போவதால் வண்டி பின்னுக்குத் தள்ளியதுபோல் ஆகி, பின்னவரின் டயரில் மோதும். எழுவதற்கு முன் அரைச் சுற்று கூடுதலாக அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே எழுந்தால் வண்டி பின்வாங்காது. இதைக் காலியான சாலையில் பத்துப் பத்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுழற்சி. இரண்டு வரிசை. ஒன்று முன்னேறும், ஒன்று பின்வாங்கும். முன்னால் வந்தவர் வேகத்தைக் கூட்டாமல் பக்கத்து வரிசையின் தலைக்கு நகர்ந்து, காலின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்துவார். ஒவ்வொருவரும் காற்றில் நிற்பது சில நொடிகளே. பின்வாங்கும் வரிசை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். அதுதான் முன்னேறும் வரிசைக்கு மறைப்பு. கடைசி ஆள் தன்னைக் கடந்து போகிறவரிடம் “நான்தான் கடைசி” என்று சொல்ல வேண்டும். “குழி இடது”, “பிரேக்கர்”, “மணல்”, “பின்னாடி பஸ்” என்று குரல்களைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விடுபட்டால், “அண்ணா, கேப்!” என்று ஒரே சத்தம். முன்னால் இருப்பவர் ஏன் என்று கேட்காமல் இரண்டு கிலோமீட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கடற்கரைச் சாலையின் பக்கக் காற்று

கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் அடிப்பது மேல்காற்று; அதாவது சாலைக்குக் குறுக்கே. மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து வரும். அப்போது நேர்கோட்டில் ஒட்டி ஓட்டினால் மறைப்பே கிடைக்காது. முன்னவர் சாலையின் இடது ஓரத்தை விட்டு வலப்பக்கம் தள்ளி ஓட்ட வேண்டும். மற்றவர்கள் ஒருவருக்கு ஒருவர் சற்று இடப்பக்கமாகப் பின்தங்கிச் சாய்வான வரிசையாக விரிய வேண்டும். இந்த அமைப்பில் மட்டும் சக்கரங்கள் பக்கவாட்டில் மேலேறி நிற்பது தவிர்க்க முடியாதது. அதனால்தான் ஒட்டி ஓட்டுவதில் கை தேறிய பிறகே இதைத் தொட வேண்டும். திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம். முன்னவர் இடது ஓரத்தை ஒட்டுவார், வரிசை வலப்பக்கம் விரியும். மூடாத சாலையில் அப்படி விரிந்தால் வாகனங்களுக்குள் போய் நிற்பீர்கள். அங்கே மூன்று பேருக்கு மேல் விரியாமல், மற்றவர்கள் பின்னால் இன்னொரு சாய்வு வரிசையாக வருவதே சரி.

முட்டுக்காடு பாலம் போன்ற வெட்டவெளியில் காற்றைத் தடுக்க மரமோ வீடோ கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே கூட்டத்தின் முதல் பத்து பேருக்குள் வந்துவிடுங்கள். கூட்டம் உடைவது அங்கேதான். உடைந்த பிறகு முன்னேறுவது பெரும்பாடு. வடகிழக்குப் பருவத்தில் கதை வேறு. போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். பந்தயம் திரும்பும் பாதையில்தான் என்று எண்ணிச் சக்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

வாரப் பயிற்சியும் சாப்பாடும்

செவ்வாய் சுழற்சிப் பயிற்சி, ஒரு மணி நேரம். வியாழன் நான்கு நிமிடம் முழுமூச்சாக, நான்கு நிமிடம் மெதுவாக, ஐந்து முறை. ஞாயிறு மூன்று மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில். மற்ற நாட்களில் நன்றாகத் தூங்குங்கள். பந்தய வாரத்தில் வியாழன் பயிற்சியைப் பாதியாக்கி, வெள்ளி ஓய்வெடுத்து, சனிக்கிழமை அரை மணி நேரம் காலை அசைத்துக்கொண்டால் போதும்.

பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி நான்கு, கொஞ்சம் சர்க்கரை; சாம்பாரும் நெய்ப் பொங்கலும் வடையும் பந்தயம் முடிந்த பிறகு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் பந்தயத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை கலந்தால் கிட்டத்தட்ட 30 கிராம் கிடைத்துவிடும். நம் வெயிலில் மணிக்கு அப்படி ஒரு பாட்டிலாவது காலியாக வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்றைக்கு வாயில் வைக்காதீர்கள்.

பந்தயத்துக்குள்

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு கேப்டன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். எங்கே காற்று மாறுகிறது, எந்த வளைவில் மணல் கிடக்கிறது, யார் எதுவரை இழுப்பது என்பது மட்டும். முந்தைய நாள் பாதையை ஓட்டிப் பார்த்திருந்தால் பேச்சு தானாகச் சுருங்கும்.

பந்தயத்தின் கடினமான பாடம் பொறுமை. நம் குழுவில் ஒருவர் எதிரணி ஆட்கள் இருவரோடு பிய்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டார் என்று வையுங்கள். பின்கூட்டத்தில் இருக்கும் நாம் இழுக்கவே கூடாது. மற்ற அணிகள் துரத்தட்டும். நாம் அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு கால்களை மிச்சம் பிடிக்க வேண்டும். “தம்பி, நீங்க ஏன் முன்னாடி வர மாட்டேங்கிறீங்க?” என்று பக்கத்தில் இருப்பவர் கோபப்படுவார். சிரித்துவிட்டுப் பின்னால் இருங்கள். முன்னால் போனவர் நம்மவர். அவர் பிடிபட்டால், அதுவரை காற்றுப்படாமல் இருந்த நம் ஃபினிஷருக்கு முறை வரும். எல்லோரும் தனித்தனியாக ஜெயிக்கப் பார்க்கும் அணிகள் இந்த இடத்தில்தான் தங்கள் ஆளையே துரத்திப் பிடித்துக் கெடுத்துக்கொள்கின்றன.

கடைசி மூன்று கிலோமீட்டரில் ஃபினிஷருக்கு முன்னால் இருவர் இருக்க வேண்டும். முதலாமவர் ஒரு கிலோமீட்டர் பலகைவரை, இரண்டாமவர் 200 மீட்டர்வரை. எதிர்க்காற்றாக இருந்தால் இரண்டாமவர் இன்னும் 50 மீட்டர் தாங்க வேண்டும். முதுகுக்காற்றாக இருந்தால் ஃபினிஷர் சீக்கிரமே வெளியே வரலாம். இழுத்து முடித்தவர் குறுக்கே போகாமல், நேராகவே வேகம் குறைந்து ஓரமாக ஒதுங்க வேண்டும். பின்னால் ஐம்பது பேர் பாய்ந்து வருகிறார்கள்.

யாராவது விழுந்து தலை மோதியிருந்தால் அவருக்குப் பந்தயம் முடிந்தது. எழுந்து நின்று “ஒண்ணுமில்லண்ணா” என்று சொன்னாலும் ஏற விடாதீர்கள். ஒருவர் கூட இருந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஹெல்மெட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அடுத்த அடியை அது தாங்காது.

பரிசு கிடைத்தால் ஆறு பாகமாகப் பிரியுங்கள், கோப்பை யார் கையில் இருந்தாலும். டீக்கடையில் உட்காரும்போது ஃபினிஷரின் கடைசிப் பாய்ச்சலுக்கு முன், காற்றில் நின்று வாடிய இருவரைப் பற்றிப் பேசுங்கள். எந்த இடத்தில் அவர்கள் தேவைக்கு மேல் செலவழித்தார்கள், அடுத்த முறை யார் தோள் கொடுப்பது என்று. வீட்டுக்குப் போனதும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் ஓட்டிய வண்டியைத் திங்கட்கிழமைவரை விட்டுவைத்தால் திருகாணிகளில் துரு ஏறத் தொடங்கிவிடும். செவ்வாய்க் காலை ஐந்து மணிக்குச் சுழற்சிப் பயிற்சி இருக்கிறது.