கொள்ளை நோயும் ஆஸ்பத்திரியின் வரவு செலவும்

நோயாளிகள் நிறைந்தால் ஆஸ்பத்திரியின் பணப்பெட்டியும் நிறையும் என்று எண்ணுவது உலக வழக்கம். ஆனால் 2020-ஆம் ஆண்டில் கோவிட் என்னும் கொள்ளை நோய் பரவியபோது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. கணக்குப் புத்தகம் வைத்து நடத்தும் எந்தச் சங்கத்தாரும் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நலம்.

1. வரவு குறைந்த விதம்

அந்நாட்டில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் சர்க்காருக்குச் சொந்தமானவை அல்ல. நோயாளிகளும் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்களும் கொடுக்கும் கட்டணமே அவற்றின் ஜீவாதாரம். மூட்டு மாற்றுதல் போன்று முன்னதாகவே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைகளில்தான் மிச்சம் அதிகம். படுக்கைகளையும் உபகரணங்களையும் கொள்ளை நோய்க்கென ஒதுக்கி வைக்கும் பொருட்டு, இத்தகைய சிகிச்சைகளைத் தள்ளிப்போடும்படி 2020 மார்ச்சு மாதத்தில் சர்க்கார் யோசனை கூறிற்று. தொற்றுக்கு அஞ்சி ஜனங்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. ஏப்ரல் மாதத்தில் அவசர சிகிச்சைப் பகுதிக்கு வந்தோர் தொகை, முந்திய ஆண்டைவிட 42 சதவிகிதம் குறைந்துவிட்டது.

2. செலவு குறையாத விதம்

அரவைக்கு நெல் வராவிட்டாலும் ஆலைக்குக் காவற்காரன் சம்பளம் உண்டு; வாங்கிய கடனுக்கு வட்டியும் உண்டு. ஆஸ்பத்திரியும் அத்தகையதே. சிப்பந்திகளின் சம்பளமும் கட்டிடக் கடனும் நின்றபாடில்லை. அவற்றின்மேல் முகமூடி, பாதுகாப்பு அங்கி, சுவாசக் கருவி ஆகியவற்றின் செலவும் சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு முதல் ஜூன் வரையிலான நான்கு மாதங்களில் நஷ்டம் சுமார் 20,260 கோடி டாலர் ஆகும் என்று அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சங்கம் மதிப்பிட்டது. கொள்ளை நோய் உக்கிரமாயிருந்த ஏப்ரல் மாதத்திலேயே ஆஸ்பத்திரிகளில் சுமார் 1,35,000 வேலைகள் குறைந்தன என்பது வியப்பும் வருத்தமும் தருவதாகும்.

3. மான்யமும் முன்பணமும்

சர்க்கார் இரு வழிகளில் உதவிற்று. திருப்பிக் கொடுக்க வேண்டாத மான்யமாக, வைத்திய ஸ்தாபனங்களுக்கும் வைத்தியர்களுக்கும் மொத்தம் 17,800 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இதன் முதற்பகுதியான 3,000 கோடியை, முதியோருக்காகச் சர்க்கார் நடத்தும் மெடிக்கேர் இன்ஷூரன்ஸிலிருந்து 2019-இல் அவரவர் பெற்ற தொகையின் விகிதப்படி பங்கிட்டனர். அதனால் ஏற்கெனவே வரவு மிகுந்தவர்க்கு மிகுதியாகவும், வரவு குறைந்தவர்க்குக் குறைவாகவும் கிடைத்தது. கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கெனத் தனியாக 1,000 கோடி பின்னரே வழங்கப்பட்டது.

மற்றொன்று மெடிக்கேர் கொடுத்த முன்பணம். அது சுமார் 10,000 கோடி. இது கடனே. பணம் பெற்ற 120 நாட்களில் பிடித்தம் தொடங்கும் என்பது முதல் நிபந்தனை. ஆஸ்பத்திரிகளால் அது இயலாதென்று கண்டு, சட்டத்தின் மூலம் தவணையை ஓராண்டாக நீட்டினர்.

4. நிலைத்தவை எவை?

பல மாதச் செலவுக்குப் போதுமான கையிருப்பு வைத்திருந்த பெரிய ஆஸ்பத்திரிகள் தாக்குப் பிடித்தன. கொள்ளை நோய்க்கு முன்பே நலிந்திருந்த சிற்றூர் ஆஸ்பத்திரிகள் பத்துக்கு மேற்பட்டவை 2020-இல் மூடப்பட்டன. மூடிய ஊரில் பிரசவ வேதனை கண்ட பெண்ணும் மார்வலி கண்ட முதியவரும் அடுத்த ஊரை நாட வேண்டும். கணக்கில் விழுந்த துண்டு முடிவில் உயிரின்மீதே விழுகிறது. உதவி நின்று, தாதிமாரின் கூலியும் உயர்ந்தபின், 2022-ஆம் ஆண்டிலும் பல ஆஸ்பத்திரிகள் நஷ்டமே கண்டன. நோய் தணிந்தவுடன் கணக்கும் தேறிவிடுவதில்லை.

5. அங்கத்தினர் கொள்ள வேண்டிய பாடம்

நிகர லாபத்தில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டுமென்று கூட்டுறவுச் சட்டம் விதிக்கிறது. "இந்த ஆண்டு அதையும் பங்காதாயமாகக் கொடுத்துவிடலாகாதா?" என்று மகாசபையில் சிலர் கேட்பதுண்டு. மேற்கூறிய சரித்திரமே அதற்குத் தக்க விடையாகும். அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை ஆலோசிப்பது நன்று:

(அ) சங்கத்தின் வரவு ஒரே தொழிலை நம்பியிருக்கிறதா?

(ஆ) வரவு முற்றிலும் நின்றால், கையிருப்பு ரொக்கம் எத்தனை மாதச் செலவுக்குக் காணும்?

(இ) பெற்றிருக்கும் உதவிகளுள் மான்யம் எது, கடன் எது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவரா?