கொரோனா விட்டுச் செல்லும் பாக்கி

பழைய பாக்கி என்றால் என்ன என்று வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொரோனாவும் சிலரிடம் பாக்கி வைத்துவிட்டுத்தான் போகிறது. காய்ச்சல் சில நாட்களில் தணிந்துவிடும். அசதி, மூச்சு வாங்குதல், ஞாபக மறதி போன்றவை மட்டும் மாதக்கணக்கில் தொடரும். நோய் கண்டு 3 மாதம் கழிந்த பிறகும் இத்தகைய தொல்லைகள் இருந்து, அவை குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு நோய் காரணமில்லை என்றால் அதைக் கொரோனாவின் பின்விளைவாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. 2023 மே மாதம் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. ஆனால் கிருமி விலகவில்லை.

யாருக்கு இந்தப் பாக்கி நிற்கும்? ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். 41 ஆய்வுகளில் இடம்பெற்ற 8 லட்சத்து 60 ஆயிரம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2023ல் வெளியான ஆய்வும், வேறு சில ஆய்வுகளும் காட்டும் காரணங்கள் இவை:

1. முன்பே உள்ள நோய்கள்: சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், மனச்சோர்வு.

2. உடல் பருமனும் புகைப்பழக்கமும்.

3. வயதும் பாலும்: நடுவயதைக் கடந்தவர்களுக்கும் பெண்களுக்கும் தொல்லை நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

4. நோயின் கடுமை: மருத்துவமனையில், குறிப்பாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். முதல் வாரத்திலேயே 5க்கு மேற்பட்ட அறிகுறிகள் இருந்தவர்களுக்கும் அப்படியே.

5. தடுப்பூசி: 2 தவணை போட்டுக் கொண்டவர்களுக்குப் பின்விளைவு கணிசமாகக் குறைந்திருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 31 மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 14,419 பேரை ஓராண்டு வரை விசாரித்து வந்தது. அவர்களில் 6.5 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். முதியவர்கள், ஆண்கள், வேறு நோய் உள்ளவர்கள், கொரோனா கடுமையாகத் தாக்கியவர்கள் ஆகியோரிடையே இறப்பு அதிகம். நோய் வருமுன் தடுப்பூசி போட்டிருந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. தொல்லை நீடிப்பது பெண்களிடம் அதிகம், உயிரிழப்பு ஆண்களிடம் அதிகம் என்ற வேறுபாட்டைக் கவனிக்கவும்.

இவை யாவும் வாய்ப்புகளே, தீர்ப்பு அல்ல. லேசான சளியோடு தப்பியவருக்கும், வேறு நோயே இல்லாத இளைஞருக்கும்கூடப் பின்விளைவு வந்ததுண்டு.

இதனால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முன்பு சுறுசுறுப்பாக மூட்டை இறக்கிய ஊழியர் காய்ச்சலுக்குப் பின் பாதி நாளிலேயே சோர்ந்து உட்கார்ந்தால், "வேலைக்கு ஏய்க்கிறான்" என்று முடிவு கட்டி விடாதீர்கள். சிலருக்கு அன்று செய்த கடும் உழைப்பின் விளைவு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் தெரியும். வற்புறுத்தினால் நிலைமை மோசமாகும். சில வாரங்கள் பில் போடுதல், இருப்புக் கணக்கு எழுதுதல் போன்ற உட்கார்ந்து பார்க்கும் வேலையைக் கொடுக்கலாம். நல்ல ஊழியரை இழந்து புது ஆளைப் பழக்குவதைவிட இது லாபமே.

முதலாளிகளுக்கும் இது பொருந்தும். கடை பூட்டிக் கிடக்கிறதே என்று காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடி வர வேண்டாம். நெஞ்சு வலி, நடந்தால் மூச்சிரைப்பு, படபடப்பு இருந்தால் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிச் சமாளிக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வயதை நம்மால் மாற்ற முடியாது. சர்க்கரை, எடை, பீடி சிகரெட் ஆகியவை நம் கையில் உள்ளவை. ஆண்டுதோறும் புதுக்கணக்குப் போடும்போதே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருமுறை பரிசோதித்து, அந்தச் சீட்டையும் கணக்குப் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள். ஒருவரை நம்பியே நடக்கும் கடைகள் நம்மில் ஏராளம். அந்த ஒருவர் படுத்துவிட்டால் கடையோடு குடும்பமும் நின்றுவிடும்.