மரத்த கைக்குத் துணை யார்?

தரங்கம்பாடி
தை மாதம்

அன்புத் தம்பிக்கு,

காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கையை மரக்கவைக்கும்போது பியூபிவக்கைனோடு டெக்ஸ்மெடிடோமிடின் சேர்க்கலாமா என்று போனில் கேட்டாய். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

சேர்க்கலாம். நானும் சேர்த்திருக்கிறேன். வலை இழுக்கும் வின்ச்சில் விரல் சிக்கியவர்கள், சம்பா அறுவடையில் மிஷினுக்குள் கையை விட்டவர்கள் இங்கே வருவார்கள். ஆபரேஷனைவிட அன்றைய இரவுதான் அவர்களுக்குக் கொடுமை. இந்த டெக்ஸ் 50 மைக்ரோகிராம் சேர்த்தால் அந்த இரவில் தூங்குவார்கள். ஒரு சேதியைக் கடத்திய நரம்பு அடுத்ததற்குத் தயாராக உதவும் மின்னோட்டத்தை இது தடுக்கிறது. மரப்பு மணிக்கணக்கில் நீள்கிறது. ரத்தத்தில் கலப்பது நாடியையும் பிரஷரையும் இறக்கும். அட்ரோபின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மிடசோலத்தை மட்டும் நரம்பின் பக்கம் கொண்டுபோகாதே. பல குப்பிகளில் நரம்புக்கு ஆகாத பென்சைல் ஆல்கஹால் இருக்கிறது.

அமெரிக்காவில் 1999-இல் டெக்ஸுக்கு அனுமதி தந்தது, ஐசியூ நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் வழியே கொடுக்கத்தான். நரம்பருகே போடுவது நாம் பின்னால் பழகிக்கொண்டது. இதை நோயாளியிடம் புரியும்படி சொல்லிவிடு.

நான் சொல்லாமல் விட்ட ஒரு நாள் உண்டு. மணிக்கட்டில் சின்னக் கட்டி எடுக்க ஓர் அம்மா வந்தார். அரைமணி நேர வேலை. பழக்கதோஷத்தில் டெக்ஸ் சேர்த்தேன். மரத்த கையோடு சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், விடியலில் ஒற்றைக் கையால் உலை வைத்திருக்கிறார். துணிபோலத் தொங்கிய மற்றக் கை விறகடுப்பில் பட்டதை, தோல் கருகும் வாடையில்தான் அறிந்தாராம். வீடு தேடிப்போனேன். "கை என்னுது மாதிரியே இல்லம்மா" என்றார். திட்டக்கூட இல்லை.

1911-இல் குலன்காம்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் காறை எலும்புக்கு மேலே போடும் இந்த ஊசியைத் தனக்கே போட்டுப் பார்த்தார். தன் கை தனக்கே அந்நியமாவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியாது, அதனால் மருந்தை உறிஞ்சும் முன்பே கேள்: இன்றிரவு இவர் எங்கே படுப்பார், பக்கத்தில் யார் இருப்பார்கள்? வார்டில் தங்குகிறவருக்குத் தாராளமாகக் கொடு. வீடு திரும்புகிறவருக்குச் சாதாரண ஊசியே போதும். கையைக் கழுத்திலிருந்து தொட்டில்போலத் துணியால் கட்டி, அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்று வீட்டாரிடமும் சொல். காலையில் ஒரு போன் போடு.

அந்த அம்மாவைக் கடைத்தெருவில் இப்போதும் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் முந்தானையால் தழும்பை மூடிக்கொள்கிறார், நான் வருத்தப்படுவேன் என்று.

உன் அத்தை