பாலும் பேச்சும்: இளங்குழந்தையுள்ள இல்லங்களை நாடிச் செல்லும் பணி – ஓர் ஆய்வு

முன்னுரை

ஒருவரின் கல்வி எந்நாளில் தொடங்குகிறது என்று வினவினால், பள்ளியில் பெயர் எழுதிய நாளையே நம்மில் பலர் சுட்டுவர். ஆனால் பள்ளி வாயிலை மிதிக்கும் முன்னரே குழந்தை ஒரு மொழியைக் கற்றுவிடுகிறது; முகங்களை அறிகிறது; பெரிது சிறிது, மேல் கீழ், உள்ளே வெளியே என்னும் வேறுபாடுகளை உணர்கிறது. இரண்டு வயது நிறைவதற்குள் மனித மூளை முதிர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது என்று மருத்துவ அறிஞர் கூறுவர். அவ்விரண்டு ஆண்டுகளும் வீட்டுக்குள்ளேயே கழிகின்றன. அக்காலத்தில் குழந்தைக்கு ஆசிரியர் தாயே ஆவார். அத்தாய்க்குத் துணை நிற்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளைத்தமிழ் காட்டும் வழி

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கி, அதற்கென ஓர் இலக்கிய வகையையே படைத்த மொழி தமிழ். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாக இவ்வகை நூல்கள் தொடர்ந்து தோன்றின. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் நபிகள் நாயகம் மீது பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர் என்பதை நம் துறை மாணவர் அறிவர்.

பிள்ளைத்தமிழின் பருவப் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகை. வானத்து நிலவை விளையாட அழைப்பது அம்புலி. ஒவ்வொரு பருவத்திலும் குழந்தையை விளித்தே, அல்லது குழந்தைக்காக விளித்தே புலவர் பாடுகிறார். குழந்தை மறுமொழி கூறாது என்பதை அவர் நன்கறிவார். எனினும் பேசுகிறார், வேண்டுகிறார், பாராட்டுகிறார். விடை கூற இயலாத குழந்தையோடு இடைவிடாது பேசுதல் என்னும் இவ்வழக்கமே குழந்தை வளர்ச்சியின் அடிப்படை என இன்றைய ஆய்வுலகம் கண்டுள்ளது. அக்கண்டறிவுக்குப் பெருஞ்சான்றாக நிற்பது நமக்கு நெடுந்தொலைவில் உள்ள ஜமைக்காத் தீவில் நிகழ்ந்த ஓர் ஆய்வாகும்.

கிங்ஸ்டன் நகரத்து ஆய்வு

ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டன். அந்நகரின் வறிய பகுதிகளில் 1986, 1987 ஆம் ஆண்டுகளில் மருத்துவர் சாலி கிராந்தம்-மெக்ரெகரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒன்பது திங்கள் முதல் இருபத்து நான்கு திங்கள் வரை வயதுடைய, வயதுக்குரிய உயரத்தை எட்டாத 129 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அக்குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவினர்க்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மாவு வழங்கப்பட்டது. இரண்டாம் குழுவினரின் வீடுகளுக்கு நலப் பணிப்பெண் ஒருவர் வாரம் ஒருமுறை சென்று, ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் அமர்ந்து விளையாட்டின்வழிக் கற்பித்தார். மூன்றாம் குழுவினர்க்கு இவ்விரண்டும் கிட்டின. நான்காம் குழுவினர்க்கு இரண்டும் இல்லை.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பாலும் விளையாட்டும் பெறாத குழந்தைகளின் வீடுகளுக்கும் பணிப்பெண்கள் வாரந்தோறும் சென்றனர். நோய் நொடி உண்டா எனக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பினர். ஆதலின் பின்னர்க் காணப்பட்ட வேறுபாடு, வீட்டுக்கு ஒருவர் வந்து சென்றதனால் மட்டும் விளைந்ததன்று. வந்தவர் என்ன செய்தார் என்பதனால் விளைந்ததாகும். இரண்டாண்டுக் காலம் இப்பணி நடைபெற்றது.

ஒரு மணி நேரத்தில் நிகழ்ந்தது

வீடு நாடிச் சென்ற பெண்கள் பட்டம் பெற்ற வல்லுநர் அல்லர். ஓரளவு பள்ளிக் கல்வியும் சில வாரப் பயிற்சியும் உடையவர்கள். அவர்கள் கையில் கொண்டு சென்ற விளையாட்டுப் பொருள்களும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. கழித்துப் போட்ட புட்டிகள், புட்டி மூடிகள், அட்டைத் துண்டுகள், கிழிந்த துணி ஆகியவற்றால் செய்தவை. அட்டையில் படம் ஒட்டிய சிறு புத்தகங்களும், துணிப் பொம்மைகளும், மரக்கட்டைகளும் அவற்றுள் அடங்கும்.

வந்தவுடன் பணிப்பெண் தாயின் நலம் உசாவுவார். சென்ற வாரம் கற்ற விளையாட்டைக் குழந்தை எவ்வாறு ஆடியது எனக் கேட்பார். பின்னர்ப் புதிய விளையாட்டு ஒன்றைச் செய்து காட்டுவார். அடுத்துத் தாயின் கையில் பொருளைக் கொடுத்து, தாயே குழந்தையோடு ஆடும்படி செய்வார். குழந்தை ஒரு மூடியைப் புட்டிக்குள் இட்டால், 'உள்ளே போட்டாயே!' எனத் தாய் சொல்லி மகிழக் கற்றுக்கொள்வார். குழந்தை செய்ததைச் சொல்லால் பெயரிடுதல், செய்த முயற்சியைப் பாராட்டுதல், தவறினால் கடியாதிருத்தல் ஆகிய மூன்றும் இப்பயிற்சியின் உயிர் எனலாம். விடைபெறும்போது அவ்வாரத்துக்குரிய பொருளை வீட்டிலேயே விட்டுச் செல்வார். அடுத்த வாரம் அதனைப் பெற்றுக்கொண்டு வேறொன்று தருவார்.

இங்கே கற்பிக்கப்பட்டவர் யார்? குழந்தை என்று நாம் எண்ணுவோம். உண்மையில் தாயே கற்றார். வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து போகும் பெண்ணால் ஒரு குழந்தையை வளர்த்துவிட இயலாது. எஞ்சிய நேரமெல்லாம் உடனிருக்கும் தாயின் நாவிலும் கையிலும் அவ்விளையாட்டைக் குடியேற்றுவதே அப்பெண்ணின் பணி. அவரை வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரியாக எண்ணினால் தாய் வாய் திறவார். உறவினராக எண்ணினால் மட்டுமே தம் ஐயங்களைக் கூறுவார்.

பாலின் பயனும் பேச்சின் பயனும்

இரண்டாண்டு முடிவில் பால் பெற்ற குழந்தைகளும் முன்னேறினர். விளையாட்டுப் பெற்ற குழந்தைகளும் முன்னேறினர். இரண்டும் பெற்றவர் மிகுதியாக முன்னேறி, இயல்பான உயரமுடைய குழந்தைகளின் நிலையை நெருங்கினர். இம்முடிவுகள் 1991 ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னரும் ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டனர். இருபத்திரண்டாம் வயதளவில் பார்த்தபோது, பால் மட்டும் பெற்றவர்க்கும் எதுவும் பெறாதவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் குழந்தைப் பருவத்தில் விளையாட்டும் பேச்சும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட 25 விழுக்காடு மிகுதியாகப் பொருளீட்டினர் என்று 2014 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களிடையே மனச்சோர்வும் சண்டை சச்சரவில் ஈடுபடுதலும் குறைவாகக் காணப்பட்டன. முப்பத்தொன்றாம் வயதில் மீண்டும் கண்டபோது அவர்தம் வருவாய் 37 விழுக்காடு மிகுந்திருந்தது.

இதனால் பால் வேண்டாவெனக் கொள்ளல் கூடாது. பசித்த குழந்தை விளையாடாது. உணவு குழந்தையின் உரிமை, அதில் ஐயமில்லை. ஆனால் உணவு கொடுத்த அளவில் கடமை முடிந்தது என்று எண்ணுவதே பிழையாகும். புட்டியில் வந்த பாலின் பயன் தேய்ந்தது. புட்டி மூடியை வைத்து ஆடிய விளையாட்டின் பயன் முப்பது ஆண்டுகள் கடந்தும் நின்றது.

பிற நாடுகளில்

ஜமைக்காவில் கண்ட வழியைப் பிற நாடுகளும் கைக்கொண்டன. தென் அமெரிக்க நாடாகிய கொலம்பியாவில் 1,420 குழந்தைகளிடையே பதினெட்டுத் திங்கள் இம்முறை செயற்படுத்தப்பட்டது. அவ்வூர்த் தாய்மாருள் முன்னின்று செயலாற்றியோரே வீடுகளுக்குச் சென்றனர். முடிவில் குழந்தைகளின் அறிவுத்திறன் வளர்ந்திருந்தது. ஆயினும் பணி நின்று இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது அவ்வளர்ச்சி மங்கியிருந்தது. ஜமைக்காவின் வெற்றி தானாகவே எங்கும் வந்துவிடாது என்பதையும், தொடர்ந்த கவனம் வேண்டும் என்பதையும் இது நமக்கு உணர்த்துகிறது.

நம் நாட்டில் ஒடிசாவின் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் இம்முறை ஆராயப்பட்டது. 54 குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 421 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். அப்பகுதிப் பெண்களே பயிற்சி பெற்று வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்றனர். அங்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் நற்பயன் காணப்பட்டது.

நம் தெருவில்

இனி நம் நிலைக்கு வருவோம். குழந்தைக்கு உணவளிப்பதில் தமிழகம் முன்னோடி மாநிலம். 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 இல் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980 இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழகத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பெற்று, ஆறு திங்கள் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் எடையை மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி குன்றியவர்க்கு ஊட்டச்சத்து வழங்கும் வழக்கத்தைச் சிற்றூர்களில் ஊன்றியது. இரண்டாண்டு கழித்துச் சத்துணவுத் திட்டம் வந்தது.

இன்று அங்கன்வாடி மையத்துக்கு நாள்தோறும் வந்து பாடலும் கதையும் கற்பது மூன்று வயது நிறைந்த குழந்தையே. அதற்கும் இளைய குழந்தைக்குரிய சத்துமாவு தாயின் கையில் தரப்பட்டு வீட்டுக்குச் செல்கிறது. மாவு வீடு சேர்கிறது. அதனோடு செல்லவேண்டிய பேச்சு பல வீடுகளில் இன்னும் சேரவில்லை. இக்குறையை உணர்ந்தே 2024 இல் நடுவணரசு, பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் தூண்டல் வளர்ச்சிக்கென 'நவசேத்னா' என்னும் வழிகாட்டு நூலை வெளியிட்டது. தாயும் பணியாளரும் குழந்தையோடு செய்யத்தக்க செயல்கள் மாத வாரியாக அதில் கூறப்பட்டுள்ளன. நூல் வந்துவிட்டது; ஆனால் பதிவேடு எழுதுதல், எடை பார்த்தல், உணவு சமைப்பித்தல், மையத்துக் குழந்தைகளைக் காத்தல் எனப் பல சுமை தாங்கும் ஒரு பணியாளர் எத்தனை வீடுகளில் ஒரு மணி நேரம் அமர இயலும்?

நம் வீடுகளின் நிலையையும் மறைத்தல் ஆகாது. குழந்தையின் தந்தை பிழைப்புக்காக வளைகுடா நாட்டில் இருப்பார். பாட்டியார் இருந்த கூட்டுக் குடும்பம் கலைந்திருக்கும். பகல் முழுதும் இளந்தாய் ஒருத்தி குழந்தையோடு தனித்திருப்பாள். அழுகையை அடக்கக் கைப்பேசியின் திரை குழந்தையின் முன் வைக்கப்படும். திரை பேசும், ஆனால் குழந்தை செய்வதைக் கண்டு பேசாது. செங்கீரை ஆடும் குழந்தையைப் பார்த்து வியப்பதற்கு மனித முகம் ஒன்று வேண்டும். இத்தாயைக் குறை கூறுவதால் பயனில்லை. அவள் வீட்டு வாசலுக்குத் துணை ஒன்று செல்லவேண்டும்.

நாம் செய்யத்தக்கன

மாணவர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை செப்பனிடுகிறீர்கள், மரம் நடுகிறீர்கள். ஒரு முகாமில் அட்டையும் துணியும் புட்டி மூடியும் கொண்டு விளையாட்டுப் பொருள்கள் செய்து, அருகிலுள்ள அங்கன்வாடிக்கு வழங்கலாம். தமிழ்த்துறை மாணவர் தம் ஊர் மூதாட்டியரிடம் வழங்கும் தாலாட்டையும், கைவீசல், சாய்ந்தாடல், நிலா அழைத்தல் முதலிய விளையாட்டுப் பாடல்களையும் கேட்டு எழுதி, இளந்தாய்மார்க்கு உதவும் சிறு தொகுப்பாக ஆக்கலாம். அது ஏட்டில் உறங்கும் ஆய்வாக நில்லாமல் தொட்டிலருகே ஒலிக்கும் ஆய்வாக அமையும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கட்டடத்துக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் வாரி வழங்கும் கைகள் நம்மிடையே பல. அவ்வுதவி தேடி வரும் மாணவன் வகுப்பில் பின்தங்கியதன் வித்து அவனது இரண்டாம் வயதில் ஊன்றப்பட்டிருக்கலாம். தெருவிலேயே உள்ள படித்த பெண்கள் சிலரைத் தேர்ந்து, முறையான பயிற்சியும் மதிப்பூதியமும் அளித்து, வாரம் சில வீடுகளுக்கு அனுப்ப ஒரு கட்டடத்தின் செலவு வேண்டியதில்லை. ஆனால் தொடங்கியதை ஓராண்டோடு கைவிடலாகாது என்பது கொலம்பியா தரும் பாடம்.

முடிவுரை

கிங்ஸ்டன் நகரத்து வறிய தாய்மார் தம் குழந்தையை நேசிக்கவில்லை என்று எவரும் கூறார். அந்த நேசத்தைச் சொல்லாகவும் விளையாட்டாகவும் வெளிப்படுத்தும் வழியை ஒருத்தி வந்து அருகமர்ந்து காட்டினாள், அவ்வளவே. அதற்கு அவள் கையில் இருந்தது ஒரு பை நிறையக் கழித்துப் போட்ட பொருள்கள். நம்மிடமோ சப்பாணியும் அம்புலியும் தாலாட்டும் இருக்கின்றன. அவற்றைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் வைத்திராமல், அடுத்த வீட்டுத் தாயிடம் கொண்டு சேர்ப்பது தமிழ் கற்றவர் கடனாகும். இன்று மாலை ஒரு வீட்டில், இன்னும் பேச்சு வாராத ஒரு குழந்தையின் முன் அமர்ந்து, அது செய்வதைக் கண்டு நான்கு சொல் கூறித் தொடங்குவோம்.